சக்தியின் கணக்கும் மனிதனின் ஹக்கும்



நான் எழுத்தாளன் அல்லன், மளிகை வியாபாரி. ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்புப் படித்ததுமே என் கல்வி. மற்றவையெல்லாம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தராசுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டவை. இப்படிப்பட்டவன் சக்தியைப் பற்றி, அதிலும் விஞ்ஞானிகள் கூறும் சக்தியைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் கேட்ட ஒரு சிறு கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பல மாதம் யோசித்த பிறகு கிடைத்த பதிலையே இங்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு நாள். மணி இரண்டு இருக்கும். கடும் வெயில். கடையில் வாடிக்கைக்காரர் எவரும் இல்லை. என்னிடம் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் சிப்பந்தி ஒருவர் (வயதில் என்னைவிட மூத்தவர், ஆகையால் அவரைக் காக்கா என்றே அழைப்பேன்) காலையில் வந்த அரிசி மூட்டைகளை இறக்கி அடுக்கிவிட்டு, சாப்பிட்டபின் பின்கட்டில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் சுவர்க் காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. என் கையிலோ அன்று வந்த மின்சாரப் பில். முந்தின மாதத்தைவிடத் தொகை கூடியிருந்தது. அந்த எரிச்சலில், "ஆள் இல்லாத நேரத்தில் காற்றாடி எதற்கு, காக்கா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை அணைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் ஆள் இல்லையா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெங்காயம் பொறுக்கப் போய்விட்டார்.

'ஆள்' என்று நான் சொன்னது வாடிக்கைக்காரரை. காசு கொண்டு வருகிறவன்தான் என் கணக்கில் ஆள் என்பது, என் வாயாலேயே வெளிவந்துவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

நிற்க. அந்த வாரத்திலேயே என் மகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து விஞ்ஞானப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். 'அன்றாட வாழ்வில் சக்தியின் உருவங்கள்' என்பது பாடம். "வாப்பா, நம்ம கடையில் எத்தனை விதமான சக்தி இருக்கிறது, சொல்லுங்கள்" என்றாள். கடையில் இருக்கும் சாமான்களின் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய எனக்கு இது தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றாய்க் காட்டத் தொடங்கினாள். நான் பார்க்கத் தொடங்கினேன்.

காலையில் இரும்புச் சுருட்டுக் கதவைத் தூக்குகிறோம் அல்லவா? அதைத் தூக்கும் பலம் முந்தின இரவு உண்ட சோற்றில் இரசாயன சக்தியாக அடங்கியிருந்தது. அது கையில் இயக்க சக்தியாக மாறுகிறது. அதுவும் முழுப் பாரமும் நம் கையில் விழுவதில்லை. இரவு கதவை இறக்கும்போது மேலே உள்ள சுருள்வில் முறுகி, ஒரு பங்குச் சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. காலையில் அதையே திருப்பித் தருகிறது. நாம் அறியாமல் போட்டுவைத்த டெபாசிட்டு என்று சொல்லலாம்.

மேல் பலகையில் தூக்கிவைத்த மூட்டையில், தூக்கியவனின் உழைப்பு நிலை சக்தியாக உறங்குகிறது. நம்பாதவர்கள் அந்த மூட்டை விழும்போது கீழே நின்று பார்க்கட்டும். மிளகாய் மல்லி அரைக்கும் இயந்திரத்தில் மின்சக்தி சுழற்சியாகிறது. உராய்வினால் அந்தச் சுழற்சி வெப்பமாகிறது. அரைத்த தூளைச் சூட்டோடு பையில் கட்டினால் வேர்த்துக் கட்டிப்பட்டுவிடும் என்பதால் ஆறவைத்துக் கட்டுகிறோம். வாசனையும் அந்தச் சூட்டில் கொஞ்சம் பறந்துபோகிறது. குளிர்ப்பெட்டி உள்ளே குளிர்கிறது. ஆனால் அதன் பின்புறத்தில் கை வைத்தால் சுடும். உள்ளிருந்த வெப்பத்தை வெளியே கொண்டுவந்து தள்ளுவதுதான் அதன் வேலை. பழைய இழை பல்பு வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாகத் தராது, எஞ்சியதெல்லாம் சூடுதான். இப்படி ஒரு சிறு கடைக்குள்ளேயே இரசாயனம், இயக்கம், நிலை, மின்சாரம், வெப்பம், ஒளி, ஒலி என்று சக்தி ஓயாமல் வேடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த வேட மாற்றத்துக்கு ஒரு விதி உண்டு. அது நமது பேரேட்டின் விதியேயாகும். சக்தியைப் புதிதாக ஆக்கவும் முடியாது. இருப்பதை அழிக்கவும் முடியாது. ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றத்தான் முடியும். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே பேரேடு. அதில் ஒரு காசு குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை.

இந்த உண்மையைக் கண்டவர்களில் ஒருவருக்கு அதன் முதல் பொறி தட்டியது நமக்கு அடுத்துள்ள ஜாவாவில் என்று அறிந்தபோது வியந்தேன். ராபர்ட் மயர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1840-இல் ஒரு டச்சுக் கப்பலின் வைத்தியராக ஜாவாவுக்கு வந்தார். சுரபாயாவில் நோயுற்ற மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி இரத்தம் எடுத்தபோது, இருண்டிருக்கவேண்டிய சிரை இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கக் கண்டார். உடம்பு சூட்டைக் காக்க உணவை எரிக்கிறது. வெப்ப நாட்டில் அவ்வளவு எரிக்கத் தேவையில்லை. ஆகவே இரத்தத்தில் உள்ள பிராணவாயு குறைவாகவே செலவாகிறது என்று எண்ணினார். அதிலிருந்து, உண்ணும் உணவும், உடம்பின் சூடும், செய்யும் வேலையும் ஒரே பொருளின் வெவ்வேறு உருவங்கள் என்னும் முடிவுக்கு வந்து, 1842-இல் அதை வெளியிட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர், விழும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்பைச் சுழலவைத்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று நுட்பமாக அளந்தார். அவர் குடும்பத் தொழில் மது வடித்தல். அந்தச் சரக்கு நமக்கு ஆகாது. ஆனால் அவருடைய அளவு நமக்கு ஆகும். சக்தியை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இனி, ஒரு சந்தேகம். சக்தி அழியாது என்றால் சிக்கனம் எதற்கு? எரிந்த விளக்கின் சக்தியும் எங்கோ இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது; ஆனால் கைக்கு வராது. வியாபாரிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆயிரம் பேரிடம் ஆளுக்கு ஒரு காசாகச் சிதறிக் கிடக்கும் கடனை நினைத்துப் பாருங்கள். ஐந்தொகையில் அது சொத்துப் பக்கம் நிற்கிறது. வசூலிக்கப் போனால், கிடைப்பதைவிடச் செருப்புத் தேய்வது அதிகம். விளக்கில் எரிந்ததும், இயந்திரத்தில் சுழன்றதும், தொண்டையில் பேசியதும் எல்லாம் கடைசியில் காற்றில் கலந்த சிறு சூடாகத்தான் போய்ச் சேருகின்றன. கணக்கு சரி, பிரயோஜனம் இல்லை. ஆகையால் சக்தியை வீணாக்குவது என்றால் அதை அழிப்பதல்ல. உயர்ந்த உருவில் இருந்ததை எவருக்கும் பயன்படாமல் வாராக்கடனாக மாற்றிவிடுவதே ஆகும். இந்நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் கிடைக்கிறது. அந்த எரிவாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பழைய வெயில். அதை ஆளில்லாத அறையில் எரிப்பது நிச்சயமாகப் பிழைதான். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பின்கட்டில் ஆள் இருந்தாரே! அங்கேதான் என் கணக்கு இடித்தது. ஆகவே மகளை உட்காரவைத்து இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம்.

மின்சாரத்தின் ஒரு யூனிட்டு என்பது 36 லட்சம் ஜூல். 25 கிலோ அரிசி மூட்டையை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 490 ஜூல் போதும். ஆக, வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால், ஒரு யூனிட்டு மின்சாரம் அந்த மூட்டையை 7,300 தடவைக்குமேல் தூக்கவல்லது! அந்த ஒரு யூனிட்டின் விலை இன்று சிங்கப்பூரில் ஏறக்குறைய 30 காசு. திடகாத்திரமான ஒரு மனிதன் எட்டு மணி நேரம் விடாமல் உழைத்தால், சராசரி 75 வாட் வீதம், செய்யும் வேலை 0.6 யூனிட்டு. அஃதாவது, காக்காவின் தோள் நாள் முழுவதும் செய்யும் வேலைக்கு மின்சார விலையில் 18 காசு.

பதினெட்டுக் காசு! இதைக் கேட்டதும் என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் கொடுக்கும் சம்பளத்தைப் பெரிய தர்மம்போல் எண்ணிக்கொள்ளும் முதலாளிக்கு இந்தக் கணக்கு மிகவும் இனிக்கும். "பார்த்தாயா, உன் உழைப்பின் மதிப்பு பதினெட்டுக் காசு, நான் தருவதோ எத்தனை மடங்கு!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு உண்மையாயின், நாளைக்கே ஒரு இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாமே. ஏன் இருக்க முடியவில்லை?

ஏனெனில் நாம் வாங்குவது ஜூலை அல்ல. வந்த மூட்டையில் கைவிட்டு முகர்ந்து, "இது ஈரம் பட்ட சரக்கு, தம்பி, திருப்பி அனுப்புங்க" என்று சொல்வது எந்த யூனிட்டில் அடங்கும்? கடனுக்கு வாங்கத் தயங்கி நிற்கும் கிழவியின் முகத்தைப் பார்த்து, அவள் கேட்குமுன் பருப்பைப் பொட்டலம் கட்டுவது எத்தனை வாட்? நான் ஊருக்குப் போன நாட்களில் கல்லாப்பெட்டிச் சாவி பத்திரமாக இருந்ததே, அதை எந்த மீட்டர் அளந்தது? இவையெல்லாம் தோளின் வேலை அல்ல. ஆனால் தோளோடுதான் வருகின்றன. தோளுக்கு உரியவன் இல்லாமல் வருவதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சக்தி அழிவதில்லை, ஒரு மனிதனின் நாளோ அழிந்துபோகிறது. என்னிடம் பதினொரு ஆண்டு உழைத்த காக்காவின் சக்திக்கு உலகப் பேரேட்டில் கணக்கு இருக்கிறது. அந்தப் பதினொரு ஆண்டுக்கு? தம் பிள்ளைகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் அவர் தொலைபேசியில் கேட்டார், கண்ணால் பார்க்கவில்லை. அது வேறு எந்த உருவிலும் அவருக்குத் திரும்பி வராது. நாம் சம்பளம் கொடுப்பது திரும்பி வரும் பொருளுக்கு அல்ல, திரும்பாத பொருளுக்கு. அதற்குச் சரியான விலை எவராலும் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாத விலைக்கு வாங்கிய பொருளை மரியாதையோடு கையாள்வதுதான் நியாயம்.

இப்போது காற்றாடிக்கு வருவோம். அது 60 வாட் காற்றாடி. ஒரு மணி நேரம் ஓடினால் 0.06 யூனிட்டு, இரண்டு காசுக்கும் குறைவு. மாதம் இருபத்தாறு நாளும் ஓடினாலும் ஐம்பது காசைத் தாண்டாது.

அந்த இரண்டு காசு செய்யும் வேலையையும் கேளுங்கள். காற்றாடி காற்றைக் குளிரச் செய்வதில்லை. உண்மையில் அதன் மோட்டார் அறைக்குச் சிறிது சூட்டையே சேர்க்கிறது. ஆனால் அது உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது. வியர்வை உலரும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் நீங்கும். அது அந்த உடம்பு நாள் முழுவதும் மூட்டை தூக்கிச் செய்யும் வேலையைவிட அதிகம்! நம்முடைய இந்த ஈரக் காற்றில், காற்று அசையாவிட்டால் வியர்வை வடியுமே தவிர உலராது. வேலை செய்யும் தசையோ, தான் வாங்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது; மீதி முக்கால் பங்கும் உடம்புக்குள் சூடாகவே நிற்கிறது. என் அரிசி மூட்டைகளை ஏற்றியதனால் அவர் உடம்பில் ஏறிய சூடு அது. அதை இறக்கிக்கொள்ளும் வழியைத்தான் நான் சுவிட்சைத் தட்டி அடைத்தேன். மூட்டை என் கடைக்கு. சூடு அவர் உடம்புக்கு. மிச்சம் பிடித்த இரண்டு காசு என் பெட்டிக்கு. இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹழ்ரத் அவர்கள், பிள்ளைகள் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டால், யார் அடித்தது என்று முதலில் கேட்கமாட்டார்கள், "இது யாருடைய ஹக்கு?" என்றுதான் கேட்பார்கள். கூலியாளின் வியர்வையைப் பற்றி அங்கே நாம் கேட்ட நபிமொழி உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூலியை நான் ஒரு நாளும் தாமதித்தவன் அல்லன் என்று அதை வைத்து எனக்குள் பெருமைகூட இருந்தது. வியர்வை உலர்வதற்குக் காற்றும் வேண்டும் என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று.

சிக்கனம் வேண்டாம் என்று நான் கூறவரவில்லை. லாபம் சில்லறையில்தான் இருக்கிறது என்பதை அறியாதவன் மளிகை வியாபாரத்தில் நிற்க முடியாது. வாடகை ஏறுகிறது, சரக்கு விலை ஏறுகிறது, பெரிய அங்காடிகளோடு போட்டி. ஒவ்வொரு காசையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கும்போது ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்: நான் மிச்சப்படுத்தும் இந்தக் காசின் வெயில் யார் தலையில் விழுகிறது? என் தலையில் விழுந்தால் அது சிக்கனம். எவர் தலையிலும் விழாவிட்டால் அது புத்திசாலித்தனம். எதிர்த்துப் பேச முடியாதவன் தலையில் விழுந்தால் அதற்குப் பெயர் சிக்கனம் அல்ல. பிறர் ஹக்கில் கைவைப்பது.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான விரயம் என் கண்முன்னேயே இருந்தது. குளிர்பானப் பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து ஓராண்டு ஆகியிருந்தது. குளிர் வெளியே கசிய, அதன் மோட்டார் இரவும் பகலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடை சாத்தியபிறகும் பெயர்ப்பலகை விளக்கு விடியவிடிய எரிந்தது. என் பெயர் அதில் இருப்பதால் அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை போலும்! ரப்பரை மாற்றினேன், பலகை விளக்கைக் கடை சாத்தும்போதே அணைக்கச் சொன்னேன். அடுத்த மாதப் பில்லில் குறைந்த தொகை, காக்காவின் காற்றாடிக்கு ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவைவிட அதிகம். விரயத்தைத் தேடிப் போகிறவன் முதலில் எளியவன் இருக்கும் மூலைக்கே போகிறான். தன் பெயர் எரியும் பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என் வாப்பா அறுபதுகளில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், தொங்கானிலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகைமேல் கோணி மூட்டை சுமந்தவர்கள். 1983-இல் அந்தப் படகுகளெல்லாம் ஆற்றைவிட்டு அகன்றுவிட்டன. இன்று அந்தக் கரையில் உணவு விடுதிகளின் விளக்குகள் மின்னுகின்றன. வாப்பாவின் தோள் செலவழித்த சக்தி எங்கே போயிற்று என்று மகளிடம் கேட்டேன். "சூடாகிக் காற்றில் கலந்துவிட்டது, வாப்பா, பாடப்படி அப்படித்தான்" என்றாள். பாடம் சரிதான். ஆனால் ஊரில் நான் ஓதியதும், இங்கே இந்தக் கடை திறந்ததும், அவள் அந்தப் பாடத்தைப் படிப்பதும் அந்தத் தோள் ஏறிய பலகையின் இந்த முனையில்தான் இருக்கின்றன. அன்று அவர்கள் நிழலில் ஐந்து நிமிடம் நின்றதற்காக எவரேனும் முகம் சுளித்திருந்தால், அவரைப் பற்றி இன்று நான் என்ன நினைப்பேன்? காக்காவின் பிள்ளைகள் நாளை என்னைப் பற்றி நினைக்கப்போவதும் அதுவே அல்லவா?

"நான் ஆள் இல்லையா, தம்பி?" என்ற கேள்விக்குப் பதிலை நான் வாயால் சொல்லவில்லை; சொல்ல நா எழவில்லை என்பதே உண்மை. மறுவாரம் மின்சார வேலைக்காரரை வரவழைத்து, பின்கட்டுக் காற்றாடியின் சுவிட்சை என் மேசைப் பக்கத்திலிருந்து எடுத்து, அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றி வைக்கச் சொன்னேன். காக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை தேநீர் போட்டவர், எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார்.

சகோதரர்களே, இன்று கடைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பின்கட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். காற்று வருகிறதா என்று உங்கள் சட்டையே சொல்லும். மின்சாரப் பில்லை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.